பொறுத்திருந்து நோக்கும் மருத்துவம்

திருவதிகையில் பிறந்து வளரும் பிள்ளை, எழுத்தறியும் முன்னரே ஒரு நோயின் வரலாற்றை அறிந்துகொள்கிறது. ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த திருநாவுக்கரசர், சமண மடத்தில் தருமசேனர் என்னும் பெயருடன் இருந்த நாளில் சூலை நோய் அவரைப் பற்றியது. மடத்தார் செய்த மருத்துவம் பலிக்கவில்லை. இரவோடு இரவாக, தமக்கையார் திலகவதியார் தொண்டு செய்துகொண்டிருந்த இந்தக் கெடிலக்கரை ஊருக்கு அவர் வந்து சேர்ந்தார். 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய இவ்வரலாற்றை எங்கள் ஊர்ப் பாட்டிமார் இன்றும் கதையாகச் சொல்வர். அந்நோய் ஒரு கணமும் பொறுக்க ஒண்ணாதது. குடலைச் சுருட்டி இழுக்கும் வலி, மனிதனை உட்காரவிடாது, உறங்கவிடாது.

இன்று நான் சொல்லப் புகுவது அதற்கு நேர்மாறான ஒரு நோயைப் பற்றியது. அதில் வலி இல்லை, வேகமும் இல்லை. ஆனால் அதன் பெயரைக் கேட்டாலே நெஞ்சு நடுங்கும். தோலில் தோன்றும் புற்றுநோயுள் ஒரு வகையே அது. மிக முதிர்ந்த வயதினருக்கு இந்நோய் வந்தால், மருத்துவர் சிலர் இக்காலத்தில், ‘இப்போது அறுக்க வேண்டா, மூன்று திங்கள் கழித்து வாருங்கள், அளந்து பார்ப்போம்’ என்கின்றனர். வீட்டார் திகைக்கின்றனர். ‘புற்று என்கிறார், பொறு என்றும் சொல்கிறார், இஃது என்ன மருத்துவம்?’ என்று வினவுகின்றனர். வினா நியாயமானதே. அதற்கு விடை காண வேண்டுமாயின், அந்தப் ‘பொறு’ என்னும் சொல் மருத்துவ உலகில் எப்படிப் பிறந்தது, எப்படி மறைந்தது, எப்படித் திரும்பி வந்தது என்னும் வரலாற்றைப் பார்த்தல் வேண்டும்.

பழங்காலத்து மருத்துவரும் பொறுத்தனர். கிரேக்க நாட்டில் ஹிப்பாக்கிரட்டீசு பெயரால் வழங்கும் நூலில், உள்ளே மறைந்திருக்கும் புற்றுக்கு மருத்துவம் செய்யாமல் விடுவதே மேல் என்றும், மருத்துவம் செய்யப்பட்டோர் விரைவில் இறக்கின்றனர், செய்யப்படாதோர் நெடுநாள் வாழ்கின்றனர் என்றும் ஒரு குறிப்பு உண்டு. கி.பி. முதல் நூற்றாண்டில் உரோம் நகரில் எழுதிய செல்சஸ் என்பவரும், தொடக்க நிலையில் உள்ளதைத்தான் அகற்றலாம், முற்றியதைத் தீண்டினால் அது சீறும் என்னும் கருத்தினர். நம் நாட்டுச் சுசுருதர் கத்தியைக் கையாள அஞ்சாதவர். ‘அர்புதம்’ என்னும் கட்டியைப் பற்றிச் சொல்லும்போது, அது மெல்ல வளர்வது, பழுத்துச் சீழ் வைக்காதது என்று இலக்கணம் கூறுகின்றார். அறுத்தால் மிச்சமின்றி அறுக்க வேண்டும் என்றும் எச்சரிக்கின்றார். நோய்களை எல்லாம் தீர்வன, தீராதன என்று இரண்டாக மட்டும் பிரித்துவிடாமல், இடையில் ‘யாப்பியம்’ என்று ஒரு வகையையும் அவர் வைத்தார். முற்றும் தீர்க்க இயலாது. ஆயினும், சாயும் வீட்டுக்கு முட்டுக் கொடுத்து நிறுத்துவது போல் நிறுத்தி வைக்கலாம். இந்த மூன்றாம் வகையை வகுத்த அறிவை நான் பெரிதும் வியக்கிறேன். இரண்டே பெட்டிகள் வைத்துக்கொண்டு உலகத்தைப் பிரிப்பவர் இன்றும் பலர் அல்லரோ?

திருவள்ளுவரும் ‘மருந்து’ அதிகாரத்தில், மருத்துவன் மூன்றனை எண்ணிச் செயல்பட வேண்டும் என்கின்றார்: நோயுற்றவனின் அளவு, நோயின் அளவு, காலம். பள்ளியில் இக்குறளை மனப்பாடம் செய்தோர் பலர். ‘நோயுற்றவனின் அளவு’ என்றால் யாது என்று நின்று கேட்டோர் சிலரே. வயது, வலிமை, உடன் உள்ள பிற நோய்கள், இன்னும் வாழக்கூடிய காலம் ஆகியவை எல்லாம் அதனுள் அடங்கும் என்பதே என் எண்ணம்.

ஆனால் ஒன்றை மறைக்கலாகாது. அக்காலத்தார் பொறுத்திருந்தமைக்கு முதற்காரணம் இயலாமையே. மரத்துப்போகச் செய்யும் மருந்து இல்லை; புண் சீழ்பிடிக்காமல் காக்கும் வழி தெரியாது; எந்தக் கட்டி மெல்ல ஊரும், எது பாய்ந்து பரவும் என்று பிரித்தறியும் கருவியும் இல்லை. வேறு வழியின்றி நிற்பதும், அறிந்து நிற்பதும் வெளிப்பார்வைக்கு ஒன்று போலவே தோன்றும்.

அறிந்து நிற்பதற்கு முதல் அடி வைத்தவர் அயர்லாந்து நாட்டவர். தப்ளின் நகரத்துக் கண் மருத்துவர் ஆர்தர் ஜேக்கப், கண்ணின் விழித்திரையில் ஒரு படலத்தை 1819-இல் விளக்கிப் புகழ் பெற்றவர். கண்களையே நாள்தோறும் பார்த்தவராதலின், இமையின் ஓரத்திலும் கன்னத்திலும் தோன்றும் ஒரு விந்தைப் புண் அவர் கருத்தைக் கவர்ந்தது. 1827-இல் அதனைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். இப்புண் மிக மெதுவாகப் பரவுகிறது. பெரிய வலி தருவதில்லை. அருகில் நெறி கட்டுவதில்லை. உடலின் பொது நலத்தைக் கெடுப்பதில்லை. நோயாளி ஆண்டுக்கணக்கில் அதனோடு வாழ்கிறார். ஆயினும் தானாக ஆறுவதும் இல்லை. விட்டுவிட்டால் இருந்த இடத்தைச் சிறிது சிறிதாகத் தின்றுகொண்டே போகிறது. இவ்வளவையும் அவர் கண்ணால் பார்த்தும் கையால் தொட்டுமே கண்டார். எலி கொறித்தாற் போன்ற புண் என்று பின்வந்தோர் அதற்குப் பெயரிட்டனர். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹங்கேரி நாட்டு அறிஞர் குரோம்பெகர், நுண்பெருக்கியில் நோக்கி, மேல்தோலின் அடிவரிசை அணுக்களை ஒத்த அணுக்களால் ஆயது இது என்று விளக்கினார். அதனால் இதனை ‘அடியணுப் புற்று’ என்று நாம் அழைக்கலாம். இது உடலின் வேறு உறுப்புக்குத் தாவுவது மிக மிக அரிது. ஆயிரத்தில் ஒன்றுகூட இல்லை.

தோல் புற்று அனைத்தும் இத்தகைய சாது என்று எண்ணிவிடாதீர்கள். அதற்கு மறுதலையான சான்று நம் நாட்டிலேயே உண்டு. காசுமீரத்தில் குளிர்காலத்தில் ‘காங்கிரி’ என்னும் கணப்பைப் பயன்படுத்துவர். பிரம்புக் கூடைக்குள் மண்சட்டி, சட்டிக்குள் கரித்தணல். அதனை நீண்ட அங்கிக்குள் வயிற்றோடும் தொடையோடும் அணைத்துக்கொண்டு அமர்வர். ஆண்டு பலவாக அச்சூடு பட்ட தோல் கருகித் தடித்து, முதிய வயதில் புற்றாக மாறும். 1865-இல் அங்குச் சென்ற எல்ம்ஸ்லி என்னும் ஸ்காத்லாந்து மருத்துவர், மறு ஆண்டே இதனைப் பற்றி எழுதினார். அவருக்குப்பின் சீநகர் மிஷன் மருத்துவமனையை நடத்திய ஆர்தர் நீவ், எர்னஸ்ட் நீவ் என்னும் உடன்பிறந்தார் இந்நோயாளிகள் பலருக்கு அறுவை செய்து, 1920-கள் வரை விரிவாக எழுதி வைத்தனர். இது வேறு இனம். செதில் போன்ற அணுக்களில் தோன்றும் புற்று. தொடையில் புண் இருக்க, அரையில் நெறி கட்டும்; அங்கிருந்து மேலும் பரவும். இதனிடம் ‘மூன்று திங்கள் கழித்து வா’ என்பது பெரும்பிழை. நம் ஊர்ப்பக்கத்திலும், பழைய தீப்புண் தழும்பில் ஆறாத புண் ஒன்று புதிதாகத் தோன்றினால் அது இவ்வினத்தைச் சார்ந்ததாக இருக்கக்கூடும்.

நெய்வேலியிலிருந்து வந்து என்னிடம் பயின்ற மாணவர் சிலர், ‘ஐயா, கரிக்கும் தோல் புற்றுக்கும் தொடர்பு உண்டாமே?’ என்று கேட்டதுண்டு. உண்டு, ஆனால் பழுப்பு நிலக்கரியைக் கண்ணால் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. 1775-இல் இலண்டன் மருத்துவர் பெர்சிவல் பாட், புகைபோக்கி துடைக்கும் சிறுவர் வளர்ந்து ஆளானபின் அவர்கள் தோலில் புற்று வருவதைக் கண்டு, காரணம் புகைக்கரியே என்றார். 1915-இல் சப்பானிய அறிஞர் யாமகிவாவும் இச்சிகாவாவும் முயல்களின் காதில் கரித்தாரைத் திங்கள் பலவாகத் தடவி, புற்றை உண்டாக்கியே காட்டிவிட்டனர். சிறுவயதிற் படிந்த கரி முதிர்வயதில் வினை செய்கிறது. காலம் என்பது இந்நோயில் எவ்வளவு பெரிய உறுப்பு என்பதனை இங்கும் காண்கிறோம்.

இனி, ‘பொறு’ என்னும் சொல் மறைந்த காலத்துக்கு வருவோம். 1895-இல் இராண்ட்ஜன் எக்சு கதிரைக் கண்டறிந்தார். நான்கே ஆண்டுகளில், 1899-இல், சுவீடன் நாட்டு மருத்துவர் அக்கதிரைக் கொண்டு முகத்துத் தோல் புற்றை ஆற்றிக் காட்டினர். மருத்துவ உலகம் மகிழ்ந்தது. 1902-இல், கதிர்க்கருவியோடு வேலை செய்த ஒருவருடைய கையில் அக்கதிராலேயே புற்று உண்டாயிற்று என்று ஹாம்பர்க் நகரிலிருந்து செய்தி வந்தது. எடிசனின் உதவியாளராக இருந்த கிளாரன்சு டேலி, கைகளை இழந்து 1904-இல் உயிரும் இழந்தார். மருந்துக்கும் ஒரு விலை உண்டு என்பது அன்றே தெரிந்தது. எனினும், அறுவை மருத்துவமும் கதிர் மருத்துவமும் செப்பமுறச் செப்பமுற, ‘கண்டவுடன் களைக’ என்பதே எங்கும் விதியாயிற்று. அமெரிக்காவில் 1913-இல் தோன்றிய புற்றுநோய்த் தடுப்புச் சங்கம், காலந்தாழ்த்தாதீர் என்று ஊர்தோறும் முழங்கியது.

நம் தமிழகத்தில் அம்முழக்கம் இன்னும் தேவையாக இருந்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் தங்கையார் 1923-இல் குடற்புற்றால் இறந்தார். சீதபேதி என்று தவறாக எண்ணப்பட்டு நோய் முற்றிய பின்னரே உண்மை தெரிந்தது. அத்துயரமே ஒரு மருத்துவமனையின் வித்தாயிற்று. 1934-இல் சென்னைப் பொது மருத்துவமனையில் பர்னார்டு கதிரியல் நிலையம் திறக்கப்பட்டது. அடையாற்றுப் புற்றுநோய் மருத்துவமனைக்கு 1952-இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-இல் பன்னிரண்டு படுக்கைகளுடன் அது பணி தொடங்கிற்று. அங்கு வந்தோருள் பெரும்பாலோர் வாயிலும் கருப்பை வாயிலும் நோய் முற்றியவராய் வந்தனர். வலியில்லையே என்று வீட்டிலிருந்து, நாட்டு மருந்தைப் பூசிப் பார்த்து, நேர்த்திக்கடன் வைத்து, கடைசியில் வண்டி ஏறியவர்கள். அவர்களிடம் ‘உடனே வா’ என்று சொல்வதன்றி வேறு எதனைச் சொல்ல முடியும்? ஆகவே, இங்கே ‘பொறு’ என்பதைப் பேசும்போது நாவை அடக்கிப் பேச வேண்டியவனாகிறேன்.

அச்சொல் திரும்பி வந்தது எங்ஙனம்? முதலில் தோலின் வழியாக அன்று. கருவிகள் கூர்மை பெற்றபோது, முன்பு எவர் கண்ணுக்கும் படாத மிகச் சிறு புற்றுகளும் தென்படலாயின. 1993-இல் சப்பானின் கோபே நகரத்துக் குமா மருத்துவமனையில், மியாவுச்சி என்னும் அறுவை மருத்துவரின் கருத்துப்படி, தைராய்டு சுரப்பியில் ஒரு சென்டிமீட்டருக்கு உட்பட்ட புற்றுகளை அறுக்காமல் ஆண்டுதோறும் அளந்து வரத் தொடங்கினர். பெரும்பாலானவை வளரவே இல்லை. அதே பத்தாண்டில் கானடாவின் டொரன்டோ நகரில் கிளாட்சு என்பவரும் துணைவரும், புராஸ்டேட் சுரப்பியின் தீங்கு குறைந்த புற்றுக்கு இம்முறையைக் கையாண்டனர். வளர்ந்தால் அறுப்பது, வளராவிடின் விடுவது என்பது அவர்கள் வழி.

தோலுக்கு இக்கேள்வியைப் பின்னரே கேட்டனர். 2013-இல் சான்பிரான்சிசுகோ நகரத்து மருத்துவர்கள் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். மெலனோமா அல்லாத தோல் புற்று உடைய 1,536 பேரைத் தொடர்ந்து பார்த்ததில், மிக முதியவர், பல நோயால் நலிந்தவர், நலமுடன் இருப்பவர் என்ற வேறுபாடு இல்லாமல் எல்லாருக்கும் ஏறத்தாழ ஒரே வகையில் அறுவை செய்யப்பட்டிருந்தது. நலிந்த முதியவர்களுள் நூற்றுக்கு நாற்பத்துமூவர் ஐந்தாண்டுக்குள் இறந்துபோயினர். ஆனால் அவர்களுள் ஒருவர்கூடத் தோல் புற்றால் இறக்கவில்லை. புண் ஆறாமை, குருதி ஒழுகல் முதலிய தொல்லைகளை ஐவரில் ஒருவர் அனுபவித்திருந்தார். வள்ளுவர் வைத்த மூன்று அளவுகளுள் நோயின் அளவை மட்டும் பார்த்து, மற்ற இரண்டையும் மறந்ததன் விளைவு இது என்பேன்.

அறுக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதனை, நெதர்லாந்தின் நைமேகன் நகரத்தார் 2021-இல் வெளியிட்டனர். 89 நோயாளிகள், அவர்களிடம் 280 அடியணுப் புற்றுகள், நோயாளிகளுள் பாதிப்பேர் 83 வயதைக் கடந்தவர். புற்றுகளுள் பாதிக்கு மேற்பட்டவை, நோக்கிய காலத்தில் அளவில் பெரிதாகவில்லை. சாதுவான வகை ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரே வளர்ந்தது. வேர்விட்டு ஊடுருவும் வகையோ நான்கு மில்லிமீட்டருக்கும் மேல் வளர்ந்தது. அடியணுப் புற்று என்னும் ஓரினத்துக்குள்ளேயே ஆமையும் உண்டு, உடும்பும் உண்டு என்பது இதனால் புலப்படுகிறது. அந்த ஆராய்ச்சி பெரும்பாலோரைச் சில திங்களே தொடர்ந்தது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். முப்பது வயதினனுக்கு அதனைச் சான்றாகக் காட்ட இயலாது.

பொறுத்திருந்து நோக்கல் என்பது சும்மா இருத்தல் அன்று. முதலில் சதைத் துணுக்கை எடுத்து ஆராய்ந்து, எவ்வினம் என்று அறியவேண்டும். அல்லது பழகிய தோல் மருத்துவர் உருப்பெருக்கியால் நோக்கித் தெளியவேண்டும். பிறகு ஒளிப்படம் எடுத்து, அளவு குறித்து, மூன்று அல்லது ஆறு திங்களுக்கு ஒருமுறை ஒப்புநோக்க வேண்டும். கண்ணோரத்திலும் மூக்கு, காது ஓரத்திலும் உள்ளதை இப்படி விடுவதில்லை. அங்கே ஒரு மில்லிமீட்டரும் விலை மிக்கது. செதிலணுப் புற்றையும் மெலனோமாவையும் விடுவதில்லை. நம்மவர்க்கு மெலனோமா பெரும்பாலும் உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் நகத்தடியிலும் தோன்றுவது. செருப்பில்லாமல் நடப்போர் அதனை ஏதோ கறை என்று விட்டுவிடுகின்றனர். இன்னொரு சிக்கலும் நம் தோலுக்கு உண்டு. வெள்ளையர் முகத்தில் முத்துப்போல் பளபளக்கும் அடியணுப் புற்று, நம்மிடம் பெரும்பாலும் கறுத்துத் தோன்றும். மச்சம் என்றும் மரு என்றும் எண்ணி, குதிரைமயிர் கட்டியும் சுண்ணாம்பு வைத்தும் பார்ப்பவர்களை நான் கண்டிருக்கிறேன். அவர்களும் பொறுத்திருப்பவரே, ஆனால் எதனைப் பொறுக்கிறோம் என்று அறியாதவர்கள்.

என் தாய்மாமனுக்கு எண்பத்து நான்காம் வயதில் இடக்கன்னத்தில் இத்தகைய கறுப்புப் புள்ளி ஒன்று கண்டது. பண்ணுருட்டிக்கு மேற்கே முந்திரித் தோப்பிலும் பலாத் தோப்பிலும் வாழ்நாள் முழுதும் வெயிலில் நின்றவர். இதய நோய்க்காகக் குருதி உறையாமைக்கு மாத்திரை உண்டுவந்தார். மருத்துவர் ஆராய்ந்து, அடியணுப் புற்று, சாதுவான வகை என்று சொல்லி, அறுக்கவும் செய்யலாம், அளந்து பார்த்துக்கொண்டும் இருக்கலாம், இரண்டிலும் உள்ள குறை நிறை இவை என்று பொறுமையோடு விளக்கினார். வீட்டில் பெரும் பேச்சு எழுந்தது. வெளிநாட்டில் இருந்த மகன் தொலைபேசியில், உடனே அறுத்தே தீரவேண்டும் என்றான். உள்ளூரில் இருந்த மகளுக்கு வேறு அச்சம்: ‘பணத்துக்குக் கணக்குப் பார்த்து அப்பாவைப் புற்றோடு விட்டுவிட்டாள் என்று ஊர் சொல்லுமே, அண்ணா!’ என்று என்னிடம் அழுதாள். அவளுடைய அச்சத்தை நான் எளிதென்று எண்ணவில்லை. நம் ஊர்களில் முதியவருடைய மருத்துவம், முதியவருக்காக மட்டும் செய்யப்படுவதன்று, பார்ப்பவர்க்காகவும் செய்யப்படுகிறது. மாமாவோ, ‘ஏன் மாப்பிள்ளை, என் கன்னத்தைப் பற்றி எல்லாரும் பேசுகிறீர்கள், என்னிடம் ஒருவரும் கேட்கவில்லையே’ என்றார். கேட்டோம். அறுக்க வேண்டா, மாத்திரையை நிறுத்திப் பின் தொடங்கும் தொல்லையும் வேண்டா, இரத்தம் கசிந்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

அதன்படி மூன்று திங்களுக்கு ஒருமுறை அளந்தோம். அளவுகோலைப் பிடிப்பது என் வேலை. குறிப்பேட்டில் எழுதுவது அவர் மகளின் வேலை. முதல் அளவு ஆறு மில்லிமீட்டர். அடுத்த ஆண்டும் ஆறே. மூன்றாம் ஆண்டு எட்டு. இரத்தம் கசியவில்லை. அவ்வாண்டுத் தை மாதத்தில், இதய நோயால், தம் வீட்டுத் திண்ணைக்கு அடுத்த அறையில் காலமானார். பதினாறாம் நாள் கழித்து மகள் அந்தக் குறிப்பேட்டை மருத்துவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். இத்தகைய பதிவுகள் நம் நாட்டில் மிகக் குறைவு என்று சொல்லி அவர் அதனை வாங்கி வைத்துக்கொண்டார்.